நரிமுகமும் நெற்றிக்கண்ணும்

வேடம் என்னும் சொல் இன்று நம்மிடையே ஒரு வசைச் சொல்லாகவே வழங்குகிறது. பொய்யனைக் கண்டால் ‘வேடம் போடுகிறான்’ என்கிறோம். நம்பத் தகாதவனைக் ‘கூத்தாடி’ என்று இகழ்கிறோம். ஆற்றுப்படைக்கு இலக்கணம் சொல்ல வந்த தொல்காப்பியம் கூத்தரையே முதலில் நிறுத்திப் பேசுகிறது. அத்தகைய மொழியில் கூத்தாடுவோன் எப்போது இழிந்தவன் ஆனான்? கூத்தைப் பார்த்து மகிழ்பவர் ஒரு வகுப்பாகவும், அதனைக் கட்டி ஆடுபவர் வேறொரு வகுப்பாகவும் சமுதாயம் பிளவுபட்ட பின்னரே இந்த இகழ்ச்சி பிறந்திருக்க வேண்டும். மரமேறி இறக்கியவனைத் தாழ்த்திக் கள்ளை உயர்த்திய அதே நியாயந்தான் இது.

ஊவா மலைத் தோட்டங்களில் இந்த இகழ்ச்சி இன்றும் முழுமையாக வேரூன்றவில்லை. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி எலப் பக்கங்களில் மாசி மாதம் பிறந்ததும் காமன் கூத்துக்குக் கம்பம் நடுவார்கள். பகலெல்லாம் கொழுந்து மலையிலும் கவ்வாத்து மலையிலும் உழைத்த மனிதர் இரவில் ரதியாகவும் மன்மதனாகவும் எமனாகவும் வீரபத்திரனாகவும் எழுந்து நிற்பார்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இவ்வாறே வாழ்ந்து வருகின்றன. கிரீடமும் புஜகீர்த்தியும் கடையில் வாங்கப்படுபவை அல்ல. அட்டையும் ஜிகினாத் தாளும் கோதுமைமாப் பசையும் கொண்டு லயத்து வாசலிலேயே அவை பிறக்கின்றன. ஆடுபவன் யார், அணிகலன் செய்தவன் யார் என்று பிரித்துச் சொல்ல அங்கே இயலாது.

இந்தப் பின்னணியில் ஒரு முகமூடியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அதனைச் செய்தவள் நான் கற்பிக்கும் பாடசாலையின் பதினோராந் தரத்து மாணவி. அது நம் புராணத்து முகமன்று. ஜப்பானியக் கதையொன்றில் வரும் நரிமுகம். அதன் கண்களில் மின்னொளி எரியும். அந்த முகமூடி எங்கள் ஆசிரியர் அறையில் மூன்று வாரம் நீடித்த வாதத்தை எழுப்பிவிட்டது.

கதை மாந்தரின் உடையைத் தாமே தைத்து அணிந்து, அவர்களாகவே நடமாடும் பொழுதுபோக்கை ‘கொஸ்பிளே’ என்கின்றனர். ஆடை, நடிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டி 1980களின் முற்பகுதியில் ஜப்பானில் உருவாக்கிய சொல் இது. நொபுயுகி தக்காஹாஷி என்ற எழுத்தாளரே அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தவர். ஆனால் செயல் அதற்கும் முந்தியது. 1939 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நடந்த முதலாவது உலக அறிவியற் புனைகதை மாநாட்டுக்கு ஃபொரெஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனின் உடையில் வந்தார். அவருடன் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் அதே வகை உடையில் வந்தார். இரண்டு உடைகளையும் தைத்தவர் அப்பெண்ணே. நெடுங்காலம் அணிந்தவரின் பெயரே பேசப்பட்டது. தைத்த கையின் பெயர் பிந்தியே நினைவுகூரப்பட்டது. கொழுந்து பறித்தவளின் பெயர் தேயிலைப் பெட்டியில் எப்போதாவது அச்சிடப்பட்டதுண்டா?

நம் நாட்டிலும் 2015 முதல் கொழும்பில் ‘லங்கா கொமிக் கொன்’ என்னும் விழாவில் இளைஞர்கள் இவ்வாறு வேடமிட்டுத் திரள்கின்றனர். கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் பதுளை. 1924 இல் இங்கு வந்து சேர்ந்த அந்தப் பாதையின் வழியே தேயிலை கீழே இறங்கிப் போனது. கைத்தொலைபேசித் திரையின் வழியே இந்தக் கதைகள் மேலே ஏறி வந்துவிட்டன.

அவள் தேர்ந்த கதை, கொயோஹாரு கொதோகே 2016 முதல் 2020 வரை சித்திரத் தொடராக எழுதியது. 2019 இல் அசைவுப்படமாகவும் வந்தது. தைஷோ காலம் எனப்படும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி ஜப்பானில் நடப்பது. நாயகன் தஞ்சிரோ, மலையில் கரி சுட்டு ஊருக்குள் சுமந்து சென்று விற்கும் குடும்பத்தின் மூத்த மகன். தந்தை இல்லை. அரக்கன் ஒருவன் குடும்பத்தைக் கொன்றொழிக்க, உயிர் பிழைத்த தங்கையும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை வெயில் படாமல் ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டே அவன் திரிகிறான். அவனுடைய ஆசான் தம் சீடர்களுக்குக் காப்பாக நரிமுக மூடிகளைச் செதுக்கிக் கொடுக்கிறார்.

“ஆயிரம் கதை இருக்க, இது ஏன்?” என்று அவளிடம் கேட்டேன்.

“அவனும் மலையிலேர்ந்து மூட்டை தூக்கிக்கிட்டு எறங்குறவன் டீச்சர். வீட்டுக்கு மூத்தவன். நானும் மூத்தவ” என்றாள்.

அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். தகப்பன் கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். லயத்துக் காம்பராவில் தாத்தாவும் இரு தம்பிகளும் உண்டு. தாத்தா தம் இளமையில் அந்தத் தோட்டத்துக் காமன் கூத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ரதி வேடம் கட்டியவர்.

முகமூடி பிறந்த வகையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் என் சக ஆசிரியர்களுட் சிலர் அதனை விளையாட்டு என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டனர். ஓடையோரக் களிமண்ணில் முதலில் நரிமுகம் ஒன்றைப் பிடித்து, அதன்மேல் செய்தித்தாள் கீற்றுகளைப் பசையில் தோய்த்து ஏழு அடுக்காக ஒட்டினாள். பசையில் ஒரு கை உப்புப் போடச் சொன்னவர் தாத்தா. பதுளைப் பனியில் உப்பில்லாத பசை பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது கிரீடம் செய்து கண்ட அவருடைய அனுபவம். வெயில் காணாத வாரமாதலால் அடுப்புக்கு மேலுள்ள பரணில் அது காய்ந்தது. காய்ந்த பின் களிமண்ணைப் பெயர்த்தெடுத்து, உள்ளே பழைய இறப்பர்ச் செருப்பின் துண்டுகளை ஒட்டினாள். நெற்றியும் கன்னமும் நோகாதிருக்க அது. கறுப்பும் பச்சையும் சதுரங்களாக அமைந்த மேலங்கி தஞ்சிரோவின் அடையாளம். கறுப்புக்குக் கிழிந்த குடைத் துணி. பச்சைக்குப் பழைய திரைச்சீலை. முதுகுப் பெட்டியைக் கடதாசி அட்டையில் செய்தாள். அதற்கு வார் பூட்டியவர் தாய். அப்பெட்டி முதுகில் எந்த உயரத்தில் அமைந்தால் நாரி வலிக்காது என்று அத்தாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கூடையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு இருபது ஆண்டு மலையேறியவர் அவர்.

இனி, ஒளி. உடைந்த விளையாட்டுக் காரிலும் பழுதான டோர்ச் விளக்கிலுமிருந்து சின்னஞ்சிறு வெள்ளை விளக்குகளைக் கழற்றி எடுத்தாள். அவற்றை நம் விஞ்ஞானப் பாடநூல் ‘ஒளிகாலும் இருவாயி’ என்கிறது. முதலாவது விளக்கை ஒன்பது வோல்ற்று மின்கலத்தில் நேரே தொடுத்தாள். ஒரு கணம் நீலமாய் மின்னி அது அணைந்தேவிட்டது. கருகிய அந்த விளக்கைக் கடதாசியில் பொதிந்து விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டு வந்தாள். அவர் நல்ல மனிதர். விடையைச் சொல்லாமல் ஓமின் விதி இருந்த பக்கத்தை விரித்து வைத்தார்.

அன்று அவள் கணக்கிட்டது இதுதான். ஒன்றரை வோல்ற்று மின்கலம் மூன்றைத் தொடராக இணைத்தால் நாலரை வோல்ற்று. வெள்ளை இருவாயி எரிய ஏறத்தாழ மூன்று வோல்ற்று வேண்டும், மிஞ்சுவது ஒன்றரை. அந்த ஒன்றரையை விழுங்க ஒரு தடையி வேண்டும். 100 ஓம் தடையி போட்டால் 15 மில்லியம்பியர் ஓடும். இத்தகைய விளக்கு தாங்கும் 20 க்கு அது உட்பட்டதே. கண்ணுக்கு மூன்றாக ஆறு விளக்குகள்; ஒவ்வொன்றுக்கும் தனித் தடையி; மொத்தம் 90 மில்லியம்பியர். ஓரிரவு முழுவதும் எரிந்தாலும் மின்கலம் தாங்கும். பதுளைக் கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் ஒருவர் மாலையில் ஒருமணி நேரம் பற்றாசுகோலைப் பயன்படுத்த இடங்கொடுத்தார். ஒளி, அணிபவர் கண்ணில் அடியாதிருக்க விளக்குகளின் பின்னே கறுப்பு நாடா. வெளியே பரவித் தெரிய ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து வெட்டிய வெண்தகடு.

ஆறு மாதமாகக் கரும்பலகையில் கிடந்து எவர் மனத்திலும் ஏறாத விதி, எரிந்துபோன ஒரு விளக்கினால் ஒரு மாலையில் ஏறிவிட்டது. கல்வி பற்றிப் பேசும் பெரியோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

இந்தச் சிறு விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் இருவாயியை 1962 இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் ஆக்கினார். நீல ஒளிக்கு மேலும் முப்பது ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது. அதற்காக அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் ஜப்பானில் பிறந்த மூவர் 2014 இல் நோபல் பரிசு பெற்றனர். நீல இருவாயியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இட்டதனால்தான் வெள்ளை ஒளி கிடைத்தது. என் பள்ளிப் பருவத்தில் நாங்கள் லயத்தில் குப்பி விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். ஒளியின் வரலாறு எங்களுக்கு வெறும் பாடநூற் செய்தியன்று.

பாடசாலைக் கலைவிழாவின் வினோத உடைப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்தாள். அப்போதுதான் வாதம் மூண்டது. எழுந்த மறுப்புகள் மூன்று. அந்நியப் பண்பாடு என்பது ஒன்று. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகையில் காலம் வீணாகிறது என்பது மற்றொன்று. பெண்பிள்ளை ஆண் வேடம் கட்டுவது அழகன்று என்பது மூன்றாவது.

மூன்றாவதற்கு விடை அவளுடைய தாத்தாவிடமிருந்தே வந்தது. பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வர இயலாமையால் அவர் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பொக்கை வாயால் சிரித்தார்.

“பன்னண்டு வருஷம் நான் சேலை கட்டி ரதியா அழுதிருக்கேன் தாயி. துரை வந்து பாத்தாரு, கணக்கப்புள்ள வந்து பாத்தாரு. ஆம்பள ஏன்டா சேல கட்டுறேன்னு ஒருத்தரும் கேக்கல. இப்ப எம் பேத்தி கால்சட்ட போட்டா மட்டும் கேக்குறாங்களே?”

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு. காமன் கூத்தில் பெண்ணின் துயரமே உயிர்நாடி. கணவன் எரிந்து சாம்பலான பின் ரதி புலம்பும் புலம்பலைக் கேட்கவே லயத்துப் பெண்கள் விடிய விடிய விழித்திருப்பார்கள். அவர்களுடைய துயரம் ஆணின் வாயிலாகவே மேடையேறியது. அரங்கு ஆடவர்க்கு, கண்ணீர் மகளிர்க்கு என்ற இந்தப் பங்கீட்டை மரபென்று சொல்லி எத்தனை காலம் காத்துவருவது?

பரீட்சை பற்றிய மறுப்பு அக்கறையில் பிறந்தது. அதனை நான் மதிக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்குப் பரீட்சை ஒன்றே ஏணி என்பது பொய்யல்ல. ஆயினும் பரீட்சைக்கென்று நாம் ஊட்டிய ஓமின் விதி எங்கே தங்கியது, முகமூடி ஊட்டிய ஓமின் விதி எங்கே தங்கியது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

‘அந்நியம்’ என்ற சொல்லைத்தான் என்னால் எளிதிற் கடந்து போக முடியவில்லை. இந்த மலைகளில் அச்சொல்லுக்கு இரத்தமும் சதையும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை அந்நியர் என்றது. 1964 இல் இரு பிரதமர்கள் கூடிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 525,000 பேரை அங்கே, 300,000 பேரை இங்கே என்று பங்கு பிரித்தது. 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. இன்றும் பல லயங்களில் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே வந்து சேர்கிறது. எது நம்முடையது, எது அந்நியம் என்ற தராசில் இத்தனை காலம் நிறுக்கப்பட்டவர்கள் நாம். அந்தத் தராசை நம் கையாலேயே தூக்கி ஒரு சிறுமியின் முகமூடியை நிறுக்கலாமா?

அன்றியும், காமன் கூத்தே கடல் கடந்து வந்த கலைதான். பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர் மூட்டையோடு சுமந்து வந்தது அது. தீவட்டி வெளிச்சத்தில் ஆடியது பின்னர்ப் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடியது. இப்போது மின்விளக்கில் ஆடுகிறது. அம்பலாங்கொடையில் கதுரு மரத்தில் முகமூடி செதுக்கும் சிங்களக் கலைஞரும் இவ்வாறே தம் மரபைக் காலத்தோடு நடத்திச் செல்கின்றனர். உழைக்கும் மக்களின் கலைக்கு எல்லைக் கடவைச் சீட்டு இல்லை.

இவ்வாறு சொல்வதனால் ஜப்பானிலிருந்து வருவதெல்லாம் தங்கம் என்று நான் கொண்டாடுவதாக எண்ண வேண்டாம். அந்த அசைவுப்படங்களின் பின்னாலும் ஒரு தொழிலாளர் கூட்டம் குனிந்திருக்கிறது. அசைவுக்கு இடைப்பட்ட படங்களை வரையும் இளைஞர் பலர்க்குப் படக் கணக்கில்தான் கூலி. எங்கள் மடுவத்தில் கிலோக் கணக்கு. குறித்த நிறை சேராவிட்டால் அரைப்பேர். அங்கே தாள் கணக்கு. இரண்டையும் விற்பவன் மேடையில் தெரிகிறான். பறித்தவளும் வரைந்தவனும் தெரிவதில்லை. ஆயத்தமாகத் தைத்து விற்கப்படும் வேட உடைகளும் இன்று ஒரு பெருஞ்சந்தை. வாங்கி அணிபவனுக்கும் செய்து அணிபவளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதனை மாணவர்க்குக் காட்டுவது நம் கடமை.

இன்னோர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். செருப்பிலும் குடைத்துணியிலும் அவள் கண்ட கைத்திறனை எல்லோரும் மெச்சினார்கள். ‘ஒன்றுமில்லாமலே என்னவெல்லாம் செய்கிறார்கள்!’ என்றார் விழாவுக்கு வந்த ஒரு கனவான். அந்தப் புகழுரை எனக்கு இனிக்கவில்லை. இல்லாமையை அழகாகக் கண்டு மெய்சிலிர்ப்பவர், அந்த இல்லாமை தொடர்வதற்கும் உடன்பட்டுவிடுகிறார். 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பற்றாசுகோலும் சிறிது பற்றாசுக் கம்பியும் வாங்கினால் ஒரு தாயின் ஒருநாள் வெயிலும் மழையும் அட்டைக்கடியும் போய்விடும். அவளுக்குக் கருவி இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பாள் என்பதே நாம் உரத்துச் சொல்ல வேண்டிய உண்மை.

ஈற்றில் ஆசிரியர் கூட்டம் ஓர் இணக்கத்துக்கு வந்தது: போட்டியில் அல்ல, காட்சியாக மட்டும் அவள் வரலாம். பரிசு வாடகை உடையில் வந்த ஒரு சிறுவனுக்குப் போயிற்று. மண்டபத்து விளக்குகளை அணைத்ததும், இருளில் வெண்மையாய் எரியும் இரு கண்களோடு, முதுகில் பெட்டி சுமந்து அவள் மெல்ல நடந்தாள். கீழ்வகுப்புப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தனர். அரைப்பேரை இழந்து வந்திருந்த தாய் பின்வரிசையில் நின்றார். அவர் முகமூடியைப் பார்க்கவில்லை. வார் சரியாக அமைந்திருக்கிறதா என்று முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாத்தாவோ மறுநாளே அவளிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டார்.

“மாசிக் கூத்துல சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து காமனை எரிக்கிற எடத்துல செவப்பா ஒண்ணு எரிய வைக்க முடியுமா தாயி?”

சிவப்பு இருவாயிக்கு இரண்டு வோல்ற்றே போதும். ஆகவே பழைய தடையி பொருந்தாது என்று எவரும் சொல்லாமலே அவள் உணர்ந்தாள். நாலரையில் இரண்டு போக மிஞ்சும் இரண்டரையை 150 ஓமால் வகுத்து, 17 மில்லியம்பியருக்குள் அடங்கும் என்று கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். கூத்தர்கள் ஒப்புக்கொண்டனர். நெற்றிப்பட்டத்தில் அதனைப் பொருத்த, அணி செய்யும் இடத்துக்கே அவளை அழைத்துச் சென்றனர். அங்கே ஒரு பெண்பிள்ளை கருவியோடு நுழைந்தது அதுவே முதல் தடவை என்று தாத்தா சொன்னார்.

இப்போது அவள் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். உயர்தரத்தில் தொழினுட்பவியல் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். அப்பிரிவு நாட்டில் 2013 இல் தொடங்கப்பட்டது; எங்கள் பாடசாலையில் அது இல்லை. தமிழ்மொழியில் அது கற்பிக்கப்படும் பாடசாலைக்குச் செல்வதாயின் நாளும் இரண்டு பஸ் ஏற வேண்டும். கடையில் ஓர் இடம் இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள் என்று கொழும்பிலிருந்து தகப்பனும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன.

நண்பர்களே, இவ்வாறு ஒரு கடைக்கும் ஒரு வகுப்பறைக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பிரிவு இல்லாத பாடசாலைக்குப் பிரிவு கேட்டும், பூட்டிக் கிடக்கும் விஞ்ஞானகூடத்துக்குத் திறப்புக் கேட்டும், மாணவரின் பஸ் செலவுக்கு உதவி கேட்டும் எழுத வேண்டிய கடிதங்கள் நம் மேசைமீது கிடக்கின்றன. எங்கள் பாடசாலையிலிருந்து முதலாவது கடிதம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஆசிரியர் பதினெட்டுப் பேர் கையொப்பமிட்டிருக்கிறோம். முகமூடியை அந்நியம் என்ற ஆசிரியரின் கையொப்பமும் அதில் இருக்கிறது. உங்கள் பாடசாலைகளிலிருந்தும் கடிதங்கள் போகட்டும்.